தூங்குகிற எஞ்சினுக்கு எண்ணெய் ஏற்றிய விவகாரம்

இல்லை, இல்லை, இல்லவே இல்லை. உன் எஞ்சினை நான் கொல்லவில்லை. கொன்றவன் யாராவது பிணத்தைக் கொட்டகையில் போட்டுவிட்டு நாற்காலியில் உட்கார்ந்து கடிதம் எழுதச் சொல்வானா?

(தம்பி, இது அக்கா. கடிதம் என்றால் முதலில் மரியாதையாக அழைத்து, நலம் விசாரித்து, அப்புறம்தான் சண்டை போட வேண்டும் என்று சொன்னேன். "சரி, அதையும் போட்டுத் தொலை" என்கிறார்.)

அன்பும் பொறுமையும் நிறைந்த மச்சான் அவர்களுக்கு, அக்காள் கணவன் எழுதிக்கொள்வது. எழுதிக்கொள்வது என்றால், சொல்லிக்கொள்வது. கையெழுத்து உன் அக்காளுடையது. நான் வகுப்புக்குள் உட்கார்ந்திருந்ததைவிட வெளியே முட்டி போட்டிருந்ததுதான் அதிகம் என்பது உனக்குத் தெரியும். இவ்விடம் நான், உன் அக்காள், எஞ்சின் மூவரும் நலம். அவ்விடம் நீயும் உன் கோபமும் நலமா? கோபத்துக்கு வேளாவேளைக்குச் சாப்பாடு போடுகிறாயா?

நேற்று போனில், "அத்தான், எஞ்சினைக் கொன்னுட்டீங்க. ஞாயித்துக்கிழமை லாரியோட வரேன், ஏத்திட்டுப் போறேன்" என்றாய். நான் வாயைத் திறப்பதற்குள் வைத்துவிட்டாய். அதற்குப் பிறகு எடுக்கவே இல்லை. அதனால்தான் இந்தக் கடிதம். கடிதத்தை நடுவில் வைக்க முடியாது. கிழிக்கலாம். ஆனால் கிழிப்பதற்கு முன்னால் உன் கண் நாலு வரி மேய்ந்துவிடும். அடுத்தவன் வீட்டுத் தந்தியையே விடாதவன் நீ.

எஞ்சின் உன்னுடையதுதான், மறுக்கவில்லை. உன் பஸ்களில் ஒன்று உட்கார்ந்த பிறகு அதன் நெஞ்சைக் கழற்றி எங்கள் வீட்டுப் பின்கொட்டகையில் கொண்டுவந்து வைத்தாய். நான் அதற்கு ஒரு ஜெனரேட்டரைக் கட்டிவைத்தேன். அன்றிலிருந்து இந்தச் சந்துக்குக் கரண்ட்டு போனால் முடிவெட்டுகிறவர், தையற்காரர், பல் டாக்டர் மூன்று பேரும் வாசலுக்கு வந்து "கரண்ட்டய்யா!" என்று கூவுவார்கள். கரண்ட்டய்யா என்றால் நான். அப்பா வைத்த பெயர் ரேஷன் கார்டில் மட்டும்தான் இருக்கிறது. எஞ்சினை நீ ஏற்றிக்கொண்டு போனால், கரண்ட்டு போகும், நான் வாசலுக்கு வருவேன், அவர்கள் என்னைப் பார்ப்பார்கள், நான் அவர்களைப் பார்ப்பேன். அதற்குப் பிறகு இந்தச் சந்தில் நான் யார்? சட்டை போடாமல் உட்கார்ந்திருக்கிற ஒரு கிழவன். அதை மனத்தில் வைத்துக்கொண்டு மேலே படி.

நடந்தது என்னவென்று முறையாகச் சொல்கிறேன். நின்றுபோன எஞ்சினில் எண்ணெய் எல்லாம் கீழே அடித்தொட்டிக்கு இறங்கிவிடும். மேலே பேரிங்கெல்லாம் வறண்டு கிடக்கும். அப்படியே சாவியைத் திருப்பினால் இரும்பும் இரும்பும் உரசிக்கொண்டு முழிக்கும். இது நீ எனக்குச் சொல்லிக்கொடுத்த பாடம். அதனால் இத்தனை காலமாக எங்கள் பழக்கம் என்ன? கரண்ட்டு போனதும் உன் அக்காள் அடுப்படியிலிருந்து ஈரக்கையோடு ஓடிவருவாள். எஞ்சினுக்கு அந்தப் பக்கம் நின்று ஸ்டாப் லீவரை இழுத்துப் பிடிப்பாள். டீசல் போகாது. நான் இந்தப் பக்கம் நின்று ஸ்டார்ட்டரைச் சுற்றவிடுவேன். வெறுமனே சுற்றச் சுற்ற எண்ணெய் மேலே ஏறும். மீட்டரில் முள் எழுந்திருக்கும். நான் "விடு!" என்று கத்துவேன். அவள் விடுவாள். எஞ்சின் பிடிக்கும். ஒருத்தர் இல்லையென்றால் இன்னொருத்தரால் ஆகாது. எட்டாது.

(தம்பி, இதில் ஒன்றை விட்டுவிட்டார். "விடு" என்பதோடு நிற்க மாட்டார். "விடுடி, பிடிச்சா விடமாட்டியே, கல்யாணத்துலேர்ந்து இதே வேலை" என்று தெருவுக்குக் கேட்கிற மாதிரி கத்துவார். பல் டாக்டரிடம் வாய் திறந்து படுத்திருக்கிறவர்கள்கூடச் சிரிப்பார்கள்.)

சிரிக்கட்டும், பல்லாவது நன்றாகத் தெரியும். அப்போதுதான் நீ அந்த எலக்ட்ரிக் எண்ணெய்ப் பம்பை அனுப்பினாய். பேட்டரியில் ஓடும். எஞ்சின் தூங்கும்போதே அடித்தொட்டியிலிருந்து எண்ணெயை உறிஞ்சி மேலே ஏற்றிவிடும். பட்டனை அமுக்கு, முள் ஏறும், பட்டனை விடு, சாவியைத் திருப்பு. அக்கா ஓடிவர வேண்டாம், லீவர் பிடிக்க வேண்டாம் என்று சொன்னாய். நல்ல மனசுதான். நான் குறை சொல்லவில்லை. பூட்டினதிலும் குறை இல்லை. அடித்தொட்டியின் வடிகால் நட்டைக் கழற்றிக் குழாய் கொடுத்தேன். எண்ணெய் அழுத்தம் பார்க்கிற ஸ்விட்ச் இருக்கிற துளையில் மூன்று வாய் ஜாயின்ட் போட்டு, ஒரு வாயில் ஸ்விட்சு, ஒரு வாயில் பம்பிலிருந்து வருகிற குழாய். நடுவில் ஒருவழி வால்வு, அம்புக்குறி எஞ்சினைப் பார்த்து. ஓடுகிற எஞ்சினின் எண்ணெய் பம்பு வழியாகத் திரும்பி ஓடிவிடக்கூடாது இல்லையா? எல்லாம் சரி. சொட்டு ஒழுகவில்லை. வந்து நக்கிப் பார்.

(பட்டனைப் பற்றிச் சொல்லுங்கள் என்றேன். முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். நான் எழுதுகிறேன். தம்பி, நீ அனுப்பியது அமுக்கிப் பிடிக்கிற பட்டன். விரலை எடுத்தால் நின்றுவிடும். இவர் அதைக் கழற்றிவிட்டு, குளியலறையில் மிச்சமிருந்த லைட் ஸ்விட்சைப் போட்டார். போட்டால் போட்டபடி இருக்கும்.)

ஏன் போட்டேன், அதையும் எழுது! கட்டைவிரல் வலி. நீ அனுப்பிய பட்டன் மலச்சிக்கல்காரன் மாதிரி, முக்கி அமுக்கினால்தான் வேலை செய்கிறது.

(இதை எழுத மாட்டேன் என்றேன். அப்படியே எழுதத்தான் வேண்டுமாம். தம்பி, நான் இதுவரை இவர் பேச்சை ஊறவைத்துத் துவைத்து எழுதினேன். கை வலிக்கிறது. இனிமேல் வாயில் வருவதை வந்தபடியே போடுகிறேன். குற்றம் என்னுடையதில்லை.)

ஆங், இப்பத்தான் பேசுற மாதிரி இருக்கு. கேளு மச்சான். கட்டைவிரல் வலின்னு சொன்னது பொய். அதாவது வலி இருக்கு, ஆனா காரணம் அது இல்ல. காரணம் என்னன்னா, அந்தப் பம்பைப் போட்டதும் நான் ஆடிப்போயிட்டேன். எஞ்சின் அசையல. ஒரு சத்தம் இல்ல. பம்பு மட்டும் ஒரு மூலையில கொசு மாதிரி முனகுது. மேல எண்ணெய் ஊத்துற மூடியைத் திறந்து டார்ச் அடிச்சுப் பாத்தா, உள்ள எண்ணெய் குபுகுபுன்னு ஊறி வழியுது! செத்த மாதிரி கிடக்கிற உடம்புல ரத்தம் ஓடுறதைப் பாத்த மாதிரி இருந்துச்சு. எனக்கு இருக்கிற நாலு முடியும் நட்டுக்கிச்சு. இவளைக் கூப்பிட்டுக் காட்டினேன். "ம்ம், நல்லா இருக்கு, குழம்பு அடிப்பிடிக்குது"ன்னு போயிட்டா. இவ்வளவு பெரிய அதிசயத்தை ஒருத்தன் தனியா வச்சிக்கிட்டு என்ன பண்ணுவான், சொல்லு? முடிவெட்டுறவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் கத்தரிக்கோலோட வந்து பாத்து "அடேங்கப்பா"ன்னார். தையற்காரர் வந்தார், அவரும் "அடேங்கப்பா". அடேங்கப்பா கேட்டா எனக்கு இன்னொரு அடேங்கப்பா வேணும்னு இருக்கும், அது என் சுபாவம், உனக்குத் தெரியாததா? ஒரு கையில டார்ச்சு, ஒரு கையில மூடி. பட்டனை மூக்காலயா அமுக்குறது? அதான் ஸ்விட்சு.

அன்னைக்கு என்ன ஆச்சுன்னா, பல் டாக்டர் வந்தார். படிச்சவர், வெள்ளைக் கோட்டு. அவருக்கு வெறும் அடேங்கப்பா காட்டினா போதுமா? முழு எஞ்சினையும் காட்டணும்னு ஆசை வந்துடுச்சு. காத்து ஃபில்டர் டப்பாவைக் கழட்டி எடுத்தேன். உள்ளாற இருக்குமே அந்த டர்போ, நத்தை மாதிரி சுருண்டுக்கிட்டு, எஞ்சினுக்குக் காத்தை அமுக்கி ஊதுமே, அதோட குட்டி விசிறியைக் காட்டினேன். "இந்த நத்தைக்கும் எண்ணெய் போகுது டாக்டர், பாருங்க, சொட்டு விடாம போகுது"ன்னேன். அவர் குனிஞ்சு பாத்துட்டு, "எல்லா எண்ணெயும் திரும்பி வந்துடுமா?"ன்னு கேட்டார். நான் "எங்க போயிடப்போகுது டாக்டர், நம்ம எண்ணெய்தானே"ன்னேன். அப்புறம் அவர் என் வாயைத் திறக்கச் சொல்லி டார்ச்சை வாங்கி என் கடைவாய்ப் பல்லைப் பாத்தார், நான் அவருக்கு எஞ்சினோட வாயைக் காட்டினேன், பேச்சு எங்கெங்கயோ போச்சு. ஸ்விட்சு போட்டபடியே கிடந்துச்சு. சார்ஜர் வேற பேட்டரிக்கு ஊட்டிக்கிட்டே இருந்துச்சு, அதனால பம்பு களைக்கவே இல்ல.

(எவ்வளவு நேரம் என்று கேட்காதே தம்பி. நான் ஒரு குழம்பு வைத்து இறக்கி, அடுத்த பொரியலுக்கு வெங்காயம் நறுக்க உட்கார்ந்துவிட்டேன்.)

அந்த நத்தை ஓடும்போது எண்ணெய் வந்தா சுத்திச் சுத்தி வெளிய அனுப்பிடும். நின்னுக்கிட்டு இருக்கும்போது இப்படி விடாம ஊத்தினா அது எங்க போகும்? காத்துப் போற வழில கசிஞ்சு, எஞ்சினோட மூச்சுக்குழாய்ல போய் குளமாத் தேங்கிடுச்சு. இது எனக்கு அப்போ தெரியாது. இப்போ தெரியும். அந்த ரெண்டுக்கும் நடுவுல என் உயிர் போய் வந்துச்சு.

அதுக்குள்ள கரண்ட்டு போச்சு. மத்த ரெண்டு கடையிலேர்ந்தும் "கரண்ட்டய்யா!" டாக்டரும் தன் கடையில பேஷன்ட்டு வந்து உக்காந்திருக்கார்னு ஓடினார். நான் ஓடிப்போய் மீட்டரைப் பாத்தேன், முள் எழுந்து நிக்குது, ஏன் நிக்குதுன்னு யோசிக்கவே இல்ல. சாவியைத் திருப்பினேன். பிடிச்சுது. எப்படிப் பிடிச்சுது! மச்சான், உன் பஸ்ஸு மலை ஏறும்போதுகூட அப்படிக் கத்தினதில்ல. புகை வெள்ளையா, நீலமா, தெருவையே காணோம். சத்தம் ஏறுது, ஏறுது, ஏறிக்கிட்டே போகுது. கொட்டகைத் தகரம் தடதடன்னு ஆடுது. நான் ஸ்டாப் லீவரை இழுத்தேன். நிக்கல. தொங்கினேன். நிக்கல. டீசல் குழாயை மூடினேன். நிக்கல. அப்பத்தான் எனக்கு உறைச்சுது. டீசல் இல்லாம ஒரு டீசல் எஞ்சின் ஓடுது! சாப்பாடு போடாம வேலை செய்யுது! எதைத் தின்னுட்டு ஓடுதுன்னு எனக்குப் புரியல. பேய் கீய் நம்பாதவன் நான், அன்னைக்கு ஒரு நிமிஷம் நம்பிட்டேன். "யாரு நீ?"ன்னு எஞ்சினைப் பாத்து கேட்டேன், உண்மையாவே கேட்டேன்.

சந்துல நடந்தது எனக்கு அப்புறம்தான் தெரியும். எஞ்சின் தறிகெட்டு ஓடினா ஜெனரேட்டரும் தறிகெடும், கரண்ட்டும் தறிகெடும். முடிவெட்டுறவர் கையில மெஷின் சும்மா ஒருத்தர் பின்கழுத்துல வரி எடுத்துக்கிட்டு இருந்ததாம், திடீர்னு வேகம் எடுத்து உச்சி வரைக்கும் ஒரு ரோடு போட்டுடுச்சு. அந்த ஆள் இப்பவும் தொப்பி போட்டுக்கிட்டுதான் வரார், என்னைக் கண்டா தொப்பியைக் கழட்டிக் காட்டிட்டுப் போறார். தையற்காரர் மோட்டார் மெஷின்ல சட்டைக்கை தைச்சுக்கிட்டு இருந்தார். கையைத் தைச்சு, காலரைத் தைச்சு, அவரோட சொந்தச் சட்டை நுனியையும் சேத்துத் தைச்சுடுச்சு, மனுஷன் மெஷினோட ஒண்ணா எழுந்திருக்கப் பாத்திருக்கார். பல் டாக்டர் பேஷன்ட்டு நாற்காலியைக் கொஞ்சம் உயத்தலாம்னு பட்டனைத் தொட்டாராம். அது உயத்தின வேகத்துல ஆடிக்கிட்டிருந்த பல்லு தானா விழுந்துடுச்சு. வலியே தெரியலன்னு அந்தப் பேஷன்ட்டு இன்னும் டாக்டர் கைராசியைப் புகழ்ந்துக்கிட்டுத் திரியறார். அதுக்கப்புறம் எல்லா பல்பும் டப்பு டப்புன்னு வெடிச்சுது. எஞ்சின் வெடிச்சுதுன்னு உனக்குப் போன் போட்டது தையற்காரர்தானே? அவர் கேட்டது பல்பு. மெஷினோட தைக்கப்பட்ட நிலையில ஒரு மனுஷனுக்கு எது பல்பு எது எஞ்சின்னு எப்படித் தெரியும்?

எஞ்சின் நின்னது எப்படின்னு நீ கேக்கவே இல்ல. கேட்டிருந்தா கொலைன்னு சொல்லியிருக்க மாட்ட. "டீசலை மூடியும் அலறுதுடி"ன்னு நான் கத்தினதைக் கேட்டு உன் அக்கா வந்தா. கையில வெங்காயம் நறுக்குற பலகை. ஓடிவந்தவ பலகையில இருந்த வெங்காயத்தை உதறினா, நேரா போய் அந்தத் திறந்து கிடந்த காத்துக்குழாய் வாய்ல பலகையைப் பச்சக்குன்னு அப்பினா. நான் "அய்யோ"ன்னு கண்ணை மூடிக்கிட்டேன். எஞ்சின் பலகையை உறிஞ்சுது, இவ விடல. அது இழுக்குது, இவ அமுக்குறா. பிடிச்சா விடமாட்டான்னு நான் அத்தனை வருஷமா கத்தினது வீண்போகல. ரெண்டு தடவை விக்கி, ஒரு தடவை இருமி, நின்னுடுச்சு. ஒரே அமைதி. உதறின வெங்காயத்துல ஒரு துண்டை எஞ்சின் இழுத்துட்டுதுபோல, புகைபோக்கிலேர்ந்து தாளிச்ச வாசனை வருது.

நான் கேட்டேன், "உனக்கு எப்படிடி தெரியும்?" அதுக்கு அவ சொன்னதை நீயே படி. நீயே எழுதுடி.

("எனக்கு எஞ்சின் தெரியாது. டீசலை மூடியும் அலறுதுன்னீங்க. மூச்சை நிறுத்தினா எல்லாம் நிக்கும்னு தோணுச்சு. உங்க குறட்டையை நான் தினமும் அப்படித்தானே நிறுத்துறேன்" என்றேன்.)

கேட்டியா? நான் நாப்பது வருஷமா கெட்ட கனவுன்னு நினைச்சுக்கிட்டு இருந்தேன் மச்சான்! யாரோ மூக்கைப் பிடிக்கிற மாதிரி! உன் எஞ்சின் ஒரு நாள் மூச்சு முட்டினதுக்கு நீ லாரி எடுத்துக்கிட்டு வர, எனக்காக யாரு லாரி எடுத்துக்கிட்டு வந்தா?

சரி, விஷயத்துக்கு வரேன். எஞ்சின் சாகல. மூச்சுக்குழாயைக் கழட்டி, டீசலுக்குப் பதிலா அது குடிச்சு ஓடினது போக மிச்சம் தேங்கின எண்ணெயைத் துடைச்சு எடுத்தோம். நத்தையைக் கையால சுத்திப் பாத்தேன், பட்டு மாதிரி சுத்துது. அடித்தொட்டியில புது எண்ணெய், புது ஃபில்டர். ஜெனரேட்டர் ரிப்பேர் பண்றவரும் வந்து அதைச் சுத்திப் பாத்துட்டு நல்லா இருக்குன்னுட்டார். பழையபடி இவ லீவரைப் பிடிச்சா, நான் சாவியைத் திருப்பினேன், "விடு"ன்னேன், விட்டா, பிடிச்சுது, கழுதை மாதிரி ஒழுங்கா நின்னு ஓடுச்சு. நிறுத்தினதும் நின்னுச்சு. பல்புங்களை மாத்தியாச்சு, மிச்ச சேதம் உன் அக்கா பலகைதான். அதுல வட்டமா ஒரு முத்திரை விழுந்திருக்கு. இப்போ அந்த வட்டத்துக்குள்ளதான் வெங்காயம் நறுக்குறா.

அதனால நான் கேட்டுக்கிறது ஒண்ணே ஒண்ணு. குற்றவாளி எஞ்சின் இல்ல, நானும் இல்ல, உன் பம்பு. சத்தம் போடாம வேலை செய்யுறவனை நம்பவே கூடாது. அதைக் கழட்டி சாக்குல கட்டி வச்சிருக்கேன்...

(கட்டவில்லை. பூட்டியபடியே இருக்கிறது. லைட் ஸ்விட்சை மட்டும் நான் கழற்றி உன் பழைய பட்டனைப் போட்டுவிட்டேன்.)

...கட்டி வைக்கப் போறேன். ஞாயித்துக்கிழமை லாரி வேண்டாம், ஒரு பையோட வா. பம்பை எடுத்துக்கிட்டுப் போ, எஞ்சினை விட்டுடு. இந்த எஞ்சினுக்கு ரெண்டு ஆள் வேணும் மச்சான். அவ பிடிக்கணும், நான் திருப்பணும். நான் இல்லாம இது ஒரு நாளும் பிடிக்காது, நான் எழுதித் தரேன், அதாவது இவ எழுதித் தருவா. இப்படியே ஓடிடுச்சு, இப்படியே ஓடிட்டுப் போகட்டும். உன் வீட்டுல பெரியவங்களுக்கு வணக்கம், சின்னவங்களுக்கு ஆசி, உன் பஸ்ஸுங்க எல்லாத்துக்கும் டயர் தேயாத பாக்கியம், உனக்குக் கோபம் இறங்கி வயித்துக்குப் பசி ஏறட்டும்னு வாழ்த்தி...

இரு இரு, எங்க எழுந்திருக்கிற? கரண்ட்டு போனா போகட்டும், கூப்பிடட்டும், கொஞ்சம் காத்திருந்தா ஒண்ணும் குடி முழுகாது, வாழ்த்துப் பாதியில நிக்கக்கூடாதுடி, இன்னும் ஒரே ஒரு

பின்குறிப்பு: மச்சான் இது என் கைஎழுத்து. கோணலா இருக்கும் பொருத்துக்கோ. அவ பேனாவை என் மடில போட்டுட்டு போயிட்டா. பலகையை கக்கத்துல வச்சிக்கிட்டு போனா. நான் செருப்பை தேடி மாட்டிக்கிட்டு இருக்கேன் அதுக்குள்ள கொட்டகைல கொசு முனகுற சத்தம். ஜன்னல் வழியா பாத்தேன். ஒரு கட்டைவிரல்ல பட்டனை அமுக்கி பிடிச்சிருக்கா. மீட்டரை பாக்குறா. முள் ஏறிச்சு. விரலை எடுத்தா. சாவியை திருப்பினா. ஒரே தடவை. பிடிச்சிடுச்சு. லீவரும் இல்ல விடுவும் இல்ல நானும் இல்ல. எனக்கு உடம்பு ஜில்லுனு ஆயிடுச்சு. எஞ்சின் அலறினப்பகூட இப்படி ஆகல.

சந்துல பல்பு எரிஞ்சுது. முடிவெட்டுறவர் குரல்தான் முதல்ல கேட்டுது. கரண்ட்டம்மா! அப்படின்னு. அப்புறம் மத்த ரெண்டு பேரும்.

அதனால மேல எழுதினதை எல்லாம் அடிச்சிடு. பம்பு இருக்கட்டும் நல்ல பம்பு. எஞ்சினும் இருக்கட்டும். ஞாயித்துக்கிழமை நீ லாரியோடயே வா. வந்து என்னை ஏத்திக்கிட்டு போ. உன் பஸ்ஸுல எங்கயாவது உக்காத்தி வை

இரு. வேண்டாம். லாரி வேண்டாம் மச்சான். அவ கூப்பிடுறா. அவளுக்கு அடுப்புல வேலை இருக்காம். எஞ்சின் ஓடி முடியுற வரைக்கும் காத்துக்குழாய் பக்கத்துல பலகையோட ஒரு ஆள் நிக்கணுமாம். தெருவுக்கு கேக்குற மாதிரி கத்துறா. "பிடிங்க, பிடிச்சா விடாதீங்க"ன்னு கத்துறா. நான் போறேன்.